மாற்றுச் சேவையகம் 'இருக்கிறது' என்போருக்கு

"எங்களிடம் ஸ்டாண்ட்பை இருக்கிறது" என்று மொழித் தரவகங்களை நடத்துவோர் திட்ட அறிக்கைகளில் எழுதிவிடுகிறார்கள். இங்கே 'இருக்கிறது' என்னும் வினைக்கு என்ன பொருள்? வாங்கியாயிற்று, மின்சாரம் கொடுத்தாயிற்று என்பதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றுமில்லை.

மும்பையின் தேசியப் பங்குச் சந்தைக்கும் மாற்று மையம் சென்னையில் இருக்கத்தான் செய்தது. 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புகள் அறுந்து, தரவுச் சேமிப்பகம் எட்டாமற்போக, முற்பகல் 11.40க்கு வணிகம் நின்றது, பிற்பகல் 3.45க்கே மீண்டது. இடைப்பட்ட நான்கு மணி நேரத்தில் சென்னைக்கு மாறவில்லை. அதன்பின் செபி, 30 நிமிடத்துக்குள் பேரிடரென அறிவிக்கவும் அடுத்த 45 நிமிடத்துக்குள் மீட்கவும் விதித்தது. 2024 மார்ச் 2, சனிக்கிழமையன்று சந்தையைச் சிறப்பாகத் திறந்து, மெய்யான வணிகத்தையே மாற்று மையத்தில் நடத்திப் பார்த்தார்கள்.

"அது கோடிகள் புரளும் இடம், நமக்குக் கட்டுமா?" என்பார்கள். பணம் இங்கே சாக்கு. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் மாற்றுச் சேவையகம் எழ மறுப்பதற்கான ஓர் எளிய காரணத்தைப் பாருங்கள். முதன்மையில் ஒரேநேர இணைப்புகளின் வரம்பை 100இலிருந்து 300ஆக உயர்த்துகிறார்கள். மாற்றில் 100ஆகவே விட்டுவிடுகிறார்கள். மாற்றில் முதலில் உயர்த்தியிருந்தால் போதும். செலவு ஒரு ரூபாயும் இல்லை. காரணம் பிழைப்பதிவில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கும். (மொழியியல் படித்தவர்கள்கூட அந்தப் பனுவலை வாசிப்பதில்லை.) இன்னொன்று, மாற்று நெடுநாள் உறங்கினால் அதற்குத் தேவையான பழைய மாற்றப் பதிவுகளை முதன்மை அழித்துவிடக்கூடும். பிறகு முழுப் படியையும் புதிதாக எடுக்கவேண்டும். முதன்மையே போயிருந்தால் எதிலிருந்து எடுப்பது?

சந்தை அன்று மாலை 5 மணிவரை நேரத்தை நீட்டிச் சமாளித்தது. மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்களுக்குள் கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ், மலையாளம் எனப் பல மொழிகள் புழங்குகின்றன. 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்துவிட்ட கொச்சி யூதர்களின் மலையாளம் இன்று முதியவர் சிலரின் நாவில் எஞ்சியிருக்கிறது. அவர்களின் குரற்பதிவு அழிந்தால் எந்த மாலைவரை நேரத்தை நீட்டுவீர்கள்?

நிதி வழங்குவோர் அறிக்கையில் இரண்டே விவரம் கேட்கட்டும்: கடைசியாக எந்நாளில் முதன்மையை அணைத்து மாற்றில் பணிசெய்தீர்கள்? அது எழ எத்தனை நிமிடம் ஆயிற்று? நாளைக் குறிப்பிட இயலாதவர்களுக்கு அடுத்த தவணையை நிறுத்திவைக்கட்டும்.