படம் பார்க்காமல் எழுதிய தீர்ப்பு

ஏ சான்றிதழ் பெற்ற காமிக்ஸ் படங்களுக்குக் கூட்டம் சேர்வது ஏன் என்று நண்பர் ஒருவர் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். காமிக்ஸ் என்பது குழந்தைகளின் பண்டம், அதில் ரத்தத்தையும் கெட்ட வார்த்தைகளையும் கலந்து பெரியவர்களிடம் விற்கிறார்கள், வாங்குகிறவர்கள் மனம் வளராதவர்கள் என்பது அவர் வாதம். சான்றுக்கு அவர் எடுத்துக்கொண்ட படம் ‘லோகன்’. அதன் நாயகன் உலகைக் காப்பாற்றுவதற்காகப் பிணங்களைக் குவிக்கிறான் என்கிறார்.

லோகன் உலகைக் காப்பாற்றவில்லை. அந்தப் படத்தில் உலகத்துக்கு எந்த ஆபத்தும் வரவில்லை. உடம்பு நொடிந்துபோன ஒருவன் ஒரு சிறுமியைக் கனடா எல்லைப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கப் பாடுபடும் கதை அது. படத்தைப் பார்த்த யாருக்கும் இந்தப் பிழை நேராது. பார்க்காத படத்துக்குத் தீர்ப்பு எழுதியதோடு நிற்காமல், அதைப் பார்த்து அழுதவர்களையும் சேர்த்துக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். அதனால்தான் இந்த எதிர்வினை.

காமிக்ஸ் குழந்தைகளுக்கானது என்ற அடித்தளத்திலிருந்தே தொடங்கலாம். அது காமிக்ஸின் பிறவிக்குணம் இல்லை. 1954இல் அமெரிக்காவில் சிலர் உட்கார்ந்து போட்ட விதி. ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர் அந்த ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளைகள் குற்றவாளிகளாவதற்குக் காமிக்ஸ் காரணம் என்றார். அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஏப்ரலில் நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. வெர்தம் சாட்சி சொன்னார். ஈசி காமிக்ஸ் பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸும் வந்து தம் தரப்பைச் சொன்னார். அரசாங்கம் சட்டம் கொண்டுவந்துவிடுமோ என்று அஞ்சிய பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை எழுதிக்கொண்டார்கள். ரத்தக்காட்டேரி கூடாது, பேய்க்கதை கூடாது, காவலரையும் நீதிபதியையும் மரியாதைக் குறைவாகக் காட்டக் கூடாது, எந்தக் கதையிலும் நன்மைதான் வெல்ல வேண்டும். அந்த முத்திரை இல்லாத இதழ்களை விற்பனையாளர்கள் வாங்க மறுத்தார்கள். பெரியவர்களும் படித்துக்கொண்டிருந்த ஒரு கலைவடிவத்தை இப்படித்தான் பள்ளிக்கூட வயதுக்குக் குறுக்கினார்கள்.

அந்தத் தணிக்கை என்ன லட்சணத்தில் நடந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். ஒரு காமிக்ஸ் கதை: ஆரஞ்சு நிற ரோபோக்கள் நீல நிற ரோபோக்களை ஒதுக்கிவைத்திருக்கும் ஒரு கிரகம். அங்கே ஆய்வுக்கு வரும் பூமி மனிதர், நீங்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பர். ஈசி காமிக்ஸ் இந்தக் கதையை 1956இல் மறுபதிப்புச் செய்ய முனைந்தபோது, அந்த மனிதர் கறுப்பராக இருக்கக் கூடாது என்று தணிக்கைத் தலைவர் தடுத்தார். கெயின்ஸ் பணியவில்லை. கதை மாற்றமில்லாமல் வந்தது. அவர் நிறுவனம் வெளியிட்ட கடைசிக் காமிக்ஸ் இதழ் அதுதான். குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம் என்று புறப்பட்டவர்கள், நிறவெறிக்கு எதிரான கதையைத்தான் மறித்துக்கொண்டு நின்றார்கள். வெர்தமின் ஆய்வும் பிற்பாடு தேறவில்லை. அவர் விட்டுச்சென்ற ஆவணங்களைப் பேராசிரியர் கரோல் டில்லி அலசி, நோயாளிகளின் வாக்குமூலங்களை வெர்தம் திரித்தும் ஒட்டியும் வெட்டியும் பயன்படுத்தியிருப்பதை வெளிப்படுத்தினார். 2011இல் கடைசிப் பதிப்பகங்களும் வெளியேற, அந்த விதித்தொகுப்பு செத்தது. நண்பர் அதன் வாசகங்களை இன்று தம் சொந்தக் கண்டுபிடிப்புபோல எழுதுகிறார்.

நம் ஊரில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. முத்து காமிக்ஸில் நாம் கொண்டாடிய இரும்புக்கை மாயாவி, முதல் கதையில் குற்றவாளி. ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து, மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும் சக்தியைப் பெற்றதும் அவன் போன வழி தவறான வழிதான். நல்லவனாக மாறியது பின்னால். பத்து வயதில் அதைப் படித்த நமக்கு அது புரிந்தது. நாற்பது வயதில் ஒருவருக்குப் புரியவில்லை என்றால் கோளாறு காமிக்ஸில் இல்லை.

அடுத்தது, ரத்தம் விற்கிறது என்ற குற்றச்சாட்டு. ரத்தம் விற்கும் என்றால் 2008இன் ‘பனிஷர்: வார் ஸோன்’ ஓடியிருக்க வேண்டும். அதில் இல்லாத கொடூரம் இல்லை. சுமார் மூன்றரைக் கோடி டாலரில் எடுத்த படம், ஒரு கோடி டாலர் அளவில் மூச்சை விட்டது. 2019இன் ‘ஹெல்பாய்’, பழைய ‘ஹெல்பாய்’ படங்களில் இல்லாத அளவுக்குக் குடலை உருவிக் காட்டியது. மக்கள் திரும்பிப் பார்க்கவில்லை. 2024இல் மட்டும் ‘தி க்ரோ’ மறுஆக்கம், ‘கிரேவன் தி ஹண்டர்’ இரண்டும் வயது வந்தவர்களுக்கான முத்திரையோடு வந்து மண்ணைக் கவ்வின. முதல் ‘ஜோக்கர்’ 100 கோடி டாலரைத் தாண்டியது. அதே நடிகர், அதே இயக்குநர், அதே இருட்டு, அதே முத்திரை என்று ஐந்து ஆண்டு கழித்து வந்த இரண்டாம் பாகம் ஏறக்குறைய 20 கோடி டாலரோடு நின்றது. அதன் செலவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ரத்தம் தெளித்தால் கூட்டம் வரும் என்பவர் இத்தனை தோல்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். கட்டுரையில் இவற்றில் ஒன்றின் பெயர்கூட இல்லை.

பிறகு கூட்டம் எதற்காக வந்தது? என் பதில்: விளைவைப் பார்க்க வந்தது. அடித்தால் வலிக்கும், வெட்டினால் காயம் ஆறாது, கொன்றவன் தூங்க மாட்டான், நாயகனுக்கும் வயதாகும். இந்த எளிய உண்மைகளைக் காட்ட மற்றக் காமிக்ஸ் படங்களுக்கு அனுமதியோ துணிச்சலோ இல்லை.

‘லோகன்’ 2017இல் வந்தது. இயக்கம் ஜேம்ஸ் மேன்கோல்ட். எக்ஸ்-மென் படங்களில் லோகனாக, அதாவது வுல்வரினாக, 2000ஆம் ஆண்டிலிருந்து நடித்துவந்த ஹியூ ஜாக்மன் இதில் வாடகை லிமோசின் ஓட்டுகிறார். தாடி நரைத்துவிட்டது. கண் மங்கி, எழுத்துப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. ஒருகாலத்தில் மின்னலாகப் பாய்ந்த நகம் ஒன்று பாதியில் சிக்கிக்கொள்ள, மறுகையால் பிடித்து இழுத்து வெளியே எடுக்கிறார், சீழோடு. எலும்பில் பூசிய உலோகமே அவரை உள்ளிருந்து விஷமாகக் கொல்கிறது. மெக்ஸிகோ எல்லைக்கு அப்பால், கைவிடப்பட்ட ஆலையில், கவிழ்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் தம் பழைய ஆசான் பேராசிரியர் சேவியரை ஒளித்துவைத்திருக்கிறார். உலகத்தின் மிகப் பெரிய மூளைக்கு இப்போது மறதி நோய். மாத்திரை தவறினால் வலிப்பு. வலிப்பு வந்தால் சுற்றியிருப்பவர்கள் உறைந்துபோய் மூச்சுத் திணறுகிறார்கள். முன்பு ஒருமுறை அப்படி வந்த வலிப்பில் தம் சொந்தப் பிள்ளைகள்போல வளர்த்தவர்களையே அவர் கொன்றுவிட்டார். அது அவருக்கு நினைவில்லை. லோகனுக்கு இருக்கிறது, ஆனால் சொல்லவில்லை. கழிவறையில் அந்தக் கிழவரைத் தூக்கி உட்காரவைப்பதும், முணுமுணுத்துக்கொண்டே மாத்திரை கொடுப்பதும், படுக்கவைப்பதும் லோகனின் வேலை. வீட்டில் அப்பாவையோ அம்மாவையோ இப்படிப் பார்த்துக்கொண்டவர்கள் அந்தக் காட்சிகளில் யாரைப் பார்த்திருப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. நண்பர் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்: ரத்தப்பசி.

அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு காமிக்ஸ் புத்தகம் வருகிறது. சிறுமி லாராவின் பையில் எக்ஸ்-மென் இதழ்கள். அதைப் பார்த்ததும் லோகன் எரிந்து விழுகிறார். இதில் எழுதியிருப்பதில் கால்வாசிதான் நடந்தது, அதுவும் இப்படி நடக்கவில்லை, நிஜத்தில் மனிதர்கள் செத்துப்போகிறார்கள் என்கிறார். பிறகு ஓட்டல் அறைத் தொலைக்காட்சியில் 1953இன் ‘ஷேன்’ ஓடுகிறது. கொலை செய்தவன் அந்தக் கறையோடுதான் வாழ வேண்டும் என்று பேசும் அந்தப் படத்தின் வசனத்தை, கடைசியில் லோகனின் சவக்குழி முன் நின்று லாரா ஒப்பிக்கிறாள். குழிமேல் நட்ட சிலுவையைப் பிடுங்கிச் சாய்த்து, எக்ஸ் எழுத்தாக நடுகிறாள். வன்முறையைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட படத்தை வன்முறைக்கு விளம்பரம் என்று எழுத, அதைப் பார்க்காமல் இருந்தால்தான் முடியும்.

எதை நல்ல படம் என்று அவர் பரிந்துரைக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். குடும்பத்தோடு பார்க்கத்தக்க, அமெரிக்காவின் பிஜி-13 முத்திரை கொண்ட சூப்பர் ஹீரோ படங்களாம். 2013இன் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தில் வானுயர்ந்த கட்டடங்கள் வரிசையாகச் சரிகின்றன. உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேமரா பார்ப்பதில்லை. ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தில் ஒரு சொடுக்கில் பிரபஞ்சத்தின் பாதி உயிர்கள் சாம்பலாகின்றன. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. நான் அஞ்சுவது இதற்குத்தான். ஆயிரம் பேர் சாவது தூசியாகப் பறந்துபோகும் அழகான காட்சி என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எந்தப் படம் கற்றுக்கொடுக்கிறது? லோகனுக்கும் லாராவுக்கும் தங்கள் பண்ணைவீட்டில் இரவு உணவு பரிமாறிய குடும்பம் கொல்லப்படுவதைப் பார்த்து ‘லோகன்’ பார்வையாளர்கள் உடைந்துபோனார்கள். கொலை அங்கே கொலையாகவே இருந்தது.

பிறகு அரோரா. 2012 ஜூலையில் கொலராடோ மாநிலத்தின் அரோரா திரையரங்கில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை, கொலையாளி தன்னை ஜோக்கர் என்று சொல்லிக்கொண்டான் என்ற தகவலோடு நண்பர் எடுத்துப்போடுகிறார். அவன் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமில்லை என்று அந்த வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞரே மறுத்திருக்கிறார். அன்று ஓடிய படம் ‘தி டார்க் நைட் ரைசஸ்’. அதில் ஜோக்கர் இல்லை. அதன் முத்திரை பிஜி-13, நண்பர் குடும்பத்துக்குப் பரிந்துரைக்கும் அதே முத்திரை. 2019இல் ‘ஜோக்கர்’ வந்தபோது அமெரிக்கத் திரையரங்குகளில் போலீஸ் நிறுத்தப்பட்டது. பத்திரிகைகள் கலவரம் வரும் என்றன. வரவில்லை. மக்கள் பார்த்தது, அரசு செலவைக் குறைத்ததால் ஆலோசனையும் மருந்தும் நின்றுபோன ஒரு மனநோயாளியை. படத்தோடு எனக்கும் சண்டை உண்டு. கடைசி அரைமணி நேரம் அவனுடைய வெறியில் அதுவும் கொஞ்சம் மயங்குகிறது. ஆனால் அந்தச் சண்டையைப் படத்தைப் பார்த்தவர்களோடு போடுவேன். இறந்தவர்களின் பெயரால் வதந்தியைப் பரப்புகிறவரோடு இல்லை.

என் தரப்புக்கு எதிரான சாட்சியையும் நானே சொல்லிவிடுகிறேன். 2024இன் ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’ 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ‘லோகன்’ ஈட்டியதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அதன் தொடக்கக் காட்சியில் டெட்பூல் லோகனின் சவக்குழியைத் தோண்டி, அவர் எலும்புகளையே ஆயுதமாக்கி, பாட்டுக்கு ஆடிக்கொண்டே ஆட்களைக் கொல்கிறான். எனக்கு அது அருவருப்பாக இருந்தது. விளைவே இல்லாத ரத்தமும் சில சமயம் விற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கேயும் கூட்டத்தை இழுத்தது ஜாக்மன்மேல் மக்களுக்கு இருந்த பாசம். அந்தப் பாசத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது ‘லோகன்’. நண்பர் வாதத்துக்குக் கொஞ்சமாவது வலு சேர்த்திருக்கக்கூடிய ஒரே படம் ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’. அதையும் அவர் பார்க்கவில்லை.

குழந்தைகள் கெட்டுப்போகிறார்கள் என்கிறார். நம் நாட்டில் ஏ சான்றிதழ் என்றால் 18 வயது நிரம்பாதவர் பெற்றோரோடு வந்தாலும் உள்ளே விடக் கூடாது. அமெரிக்காவின் ஆர் முத்திரையைவிட இது கடுமை. அங்கே பெற்றோர் கூட வந்தால் போதும். ‘ஜோக்கர்’ பார்க்கப் போன அன்று எனக்கு முன்வரிசையில் ஒரு தகப்பன், பக்கத்தில் ஏழு வயது இருக்கும் பையன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த ஊழியர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தரிக்கோல் காட்சியில் அந்தப் பையன் தகப்பன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிமிரவே இல்லை. அந்தத் தவறு திரையரங்கின் தவறு, தகப்பனின் தவறு. காமிக்ஸ் என்றாலே பிள்ளைகள் சமாச்சாரம் என்று அந்தத் தகப்பனை நம்பவைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. நண்பரின் கட்டுரை அந்த நம்பிக்கைக்குத்தான் உரம் போடுகிறது.

கடைசியாகக் காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூரைத் துணைக்கு அழைத்திருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பையன்களுக்காக உருவான பாத்திரங்களைப் பெரியவர்கள் வரிசையில் நின்று பார்ப்பது கவலைக்குரியது, பாசிசத்துக்கு முன்னோட்டமாகக்கூட ஆகலாம் என்று மூர் சொன்னது உண்மை. அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. முகமூடி அணிந்த நாயகர்களைப் பெரியவர்களுக்கான இலக்கியமாக்க முடியும் என்று 1986இல் ‘வாட்ச்மென்’ எழுதி நிரூபித்தவரே அவர்தான். சாகாத, மூப்படையாத, தவறே செய்யாத ரட்சகனுக்காக ஏங்கும் கூட்டத்தைக் கண்டு அவர் அஞ்சுகிறார் என்றால் அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அது பொருந்துவது நண்பர் பரிந்துரைக்கும் படங்களுக்கு. ரட்சகன் சீழ்பிடித்த கையோடு சாகும் படத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? காமிக்ஸிலிருந்து வந்த ‘ரோட் டு பெர்டிஷன்’, ‘எ ஹிஸ்டரி ஆஃப் வயலென்ஸ்’ போன்ற படங்களும் ஆர் முத்திரை பெற்றவைதான். அவற்றில் அங்கியும் இல்லை, முகமூடியும் இல்லை. அவற்றின் பெயரையாவது அவர் கேள்விப்பட்டிருக்கிறாரா என்பது கட்டுரையிலிருந்து தெரியவில்லை.

நண்பருக்கு ஒரே வேண்டுகோள். ‘லோகன்’ 2 மணி 17 நிமிடம் ஓடும். பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்போதும் இதே கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.