மண் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

வருகைப் படிவம் மின்மயமாகும்போதாவது 2016இல் செய்த தவறு திருத்தப்படும் என்று எதிர்பார்த்தோம். திருத்தப்படவில்லை. 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் மின்வருகை அட்டை வெளிநாட்டவருக்கு மட்டுமே உரியது; குடிநுழைவுத் துறையின் தேவைக்காக வந்தது. சென்னையிலோ திருச்சியிலோ வந்திறங்கும் நம் ஊர்க்காரரிடம், "பெட்டியில் மண், செடி, விதை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கும் படிவம் இன்றும் நீட்டப்படுவதில்லை.

தீர்வை கட்டவேண்டிய பொருளோ தடைசெய்யப்பட்ட பொருளோ வைத்திருப்பவர் மட்டும் சுங்கப் படிவம் கொடுத்தால் போதும் என்று 2016 ஏப்ரல் 1 முதல் விதி மாறியது. வரிசை குறையும், பயணிக்கு அலைச்சல் மிச்சம் என்றார்கள். தங்கத்துக்கும் மதுவுக்கும் அது பொருந்தும். அவற்றைக் கொண்டுவருபவருக்கு வரம்பு எவ்வளவு என்று தெரியும். மறைத்தால் தெரிந்தே மறைக்கிறார். மண் கொண்டுவருபவருக்கு அது தடைசெய்யப்பட்ட பொருள் என்பதே தெரியாது. தெரியாதவர், அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில்தான் நடப்பார். தடை இருப்பதே தெரியாதவர் தாமாக வந்து அறிவிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? பழைய படிவத்தில் விதை, செடி, பழம், பூ என்று ஒரு வரியாவது இருந்தது. அந்த வரியைப் படித்தவர் பெட்டிக்குள் இருக்கும் பொட்டலத்தை ஒரு கணம் நினைத்துப் பார்த்திருப்பார். அந்த ஒரு கணத்தைத்தான் பறித்துவிட்டார்கள்.

மண்ணுக்கு உள்ள தடையை நாம் எதிர்க்கவில்லை. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை, ஆய்வு போன்ற குறிப்பிட்ட தேவைகளுக்கு முன் அனுமதி பெற்றுக் குறிப்பிட்ட துறைமுகம், விமான நிலையம் வழியாகவே மண்ணைக் கொண்டுவரலாம் என்கிறது. அது சரியான விதி. அந்த விதியை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்லவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

மண் கொண்டுவருபவர்கள் கடத்தல்காரர்கள் அல்லர். எருசலேம் போய்வருபவர் சின்னஞ்சிறு குப்பியில் புனித பூமியின் மண் வாங்கி வருகிறார். கயிலை யாத்திரை போனவர் மானசரோவர் கரையிலிருந்து கூழாங்கற்களை அள்ளி வருகிறார். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து நீலகிரியில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், அட்டன் பக்கமோ நுவரெலியா பக்கமோ போய், பாட்டி பிறந்த லயத்து வாசல் மண்ணை ஒரு பிடி முடிந்து வருகிறார்கள். கண்ணீரோடு அள்ளிய மண் அது. அதைக் குற்றம் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது.

ஆனால் அந்த ஒரு பிடி எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். கோத்தகிரியிலோ கூடலூரிலோ வீட்டு வாசலில் இருக்கும் துளசித் தொட்டியில் கொட்டப்படுகிறது. மழையில் கரைந்து கிழங்குத் தோட்டத்துக்கு இறங்குகிறது. மண்ணால் வரும் கேடு என்ன என்று நீலகிரிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது உதகையில்தான், 1961இல். குண்டூசித் தலையைவிடச் சிறிய கூடு. ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கான முட்டைகள். கிழங்கே பயிரிடாமல் போட்டாலும் இருபது ஆண்டுகள்வரை அவை மண்ணுக்குள் உயிரோடு காத்திருக்கும். விளைவு, நீலகிரி விதைக்கிழங்கு வெளிமாநிலம் போகத் தடை வந்தது. மேட்டுப்பாளையம் மண்டியில் ஊட்டிக் கிழங்குக்கு இருக்கும் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். அதே கிழங்கை விதைக்காக விற்க முடியாமல் போன விவசாயியின் நட்டத்தை யார் கணக்கெடுத்தார்கள்?

வாழையின் கதை இன்னும் மோசம். வாடல் நோயின் புதிய வகையான டிஆர்4 பூஞ்சை ஏற்கெனவே பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் புகுந்துவிட்டது. அதன் வித்துகள் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும்; செருப்பில் ஒட்டிய சேறே போதும் ஊர்விட்டு ஊர் பரவ. மருந்தடித்து அழிக்க வழியில்லை. தேனியில் ஜி-9 வாழை போட்டவர்கள் இதை நினைத்துத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள். அந்தப் பூஞ்சை உள்ள தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கு இங்கிருந்து சுற்றுலா போய்வருபவர்களிடமோ ஒரு கேள்வியும் இல்லை!

ஆஸ்திரேலியாவில் இறங்குபவரின் அட்டையில் மண் என்ற சொல்லே அச்சாகியிருக்கிறது. மண் ஒட்டிய காலணி உண்டா என்றும் கேட்கிறார்கள். நியூசிலாந்தில் அறிவிக்காமல் கொண்டுவந்தால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். கேட்டுவிட்டுத் தண்டிக்கிறார்கள். இங்கே கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. ஸ்கேனரில் தற்செயலாகக் கண்ணில் பட்டால் மட்டும் பொட்டலம் பிரிக்கப்படுகிறது. அப்படிப் பறித்த மண்ணைக் குப்பைக்கூடையில் போட்டால் அது ஒழிந்துவிடாது. ஆட்டோகிளேவில் 121 டிகிரி வெப்பத்தில், அழுத்தத்தில் வைத்தால்தான் அதிலுள்ள கிருமி சாகும். கூடையில் போட்ட மண் குப்பை வண்டி ஏறி ஊருக்குள்தானே வரும்?

இதெல்லாம் முடிவெடுத்தவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அசையாதது இது முதல்முறை அல்ல. இன்றும் நாம் நம்பியிருப்பது 1914ஆம் ஆண்டின் பூச்சித் தடுப்புச் சட்டத்தை. வேளாண் உயிரிப் பாதுகாப்புக்கு நாடு தழுவிய அமைப்பு வேண்டும் என்று எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் வற்புறுத்தியது. 2013 மார்ச்சில் மசோதா மக்களவைக்கு வந்தது. 2014இல் அவை கலைந்தபோது காலாவதியானது. அதைத் தூசு தட்டி எடுத்துச் சட்டமாக்க இத்தனை ஆண்டுகளில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இடையில் எத்தனை அடி! 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி. பப்பாளியோடு மல்பெரியும் மரவள்ளியும் வெள்ளை பூத்துக் கருகின. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து 2010இல் வயலில் விட்ட பிறகுதான் விவசாயி மூச்சுவிட்டார். படிவத்தை எடுத்த அதே 2016இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ. 2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு. பெரம்பலூரும் அரியலூரும் பட்ட பாட்டை மறக்க முடியாது. அதே 2018இல் உதகையின் நூற்புழு இமாசலத்திலும் தென்பட்டு, அங்கிருந்தும் விதைக்கிழங்கு வெளியேறத் தடை போட்டார்கள். 2020இல் மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தில் தொடங்கி சேலம், நாமக்கல் வரை வந்தது. இவை பயணியின் பையில் வந்தன என்று நாம் சொல்லவில்லை. வாசல்களைக் காக்க வேண்டியவர்கள் ஒவ்வொரு முறையும் வந்த பிறகே விழித்தார்கள் என்கிறோம். ஒவ்வொரு முறையும் நிவாரணம் கேட்டு ஆட்சியர் அலுவலக வாசலில் நின்றது விவசாயிதான். கோப்பில் கையெழுத்திட்டவர் ஒருவர்கூட வந்து பதில் சொன்னதில்லை.

தங்கக் கட்டியைப் பிடித்தால் படம் எடுத்துச் செய்திக்குறிப்பு அனுப்புகிறார்கள். அந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கை மண்ணின் மீது காட்டியிருந்தால் இந்தத் தலையங்கத்துக்கே வேலை இருந்திருக்காது. கேள்வி மீண்டும் கேட்கப்பட வேண்டும். அது எந்த வடிவில் வந்தாலும் சரி, பயணிக்குப் புரியும் மொழியில், அவர் பெட்டி கட்டும் முன்பே காதில் விழ வேண்டும். பறித்த மண்ணுக்கு முறையான அழிப்பு வேண்டும். வேளாண் துறையும் சுங்கத் துறையும் ஒன்றையொன்று கைகாட்டுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசி, ஆவன செய்ய வேண்டும். இந்தக் கோடை விடுமுறைக்குள் செய்ய வேண்டும். கொழும்புக்கும் கோலாலம்பூருக்கும் பாங்காக்குக்கும் குடும்பம் குடும்பமாகப் போய்வரும் காலம் அதுதான்.