கணினிக்குள் மூட்டிய தீ



அணு எரிபொருளை ரயிலில் கொண்டுபோவது பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். பொறியாளராக இருக்கும் பழைய மாணவர்கள் இரண்டு பேர், "டீச்சர், அதெல்லாம் சிமுலேஷன்ல நிரூபிச்சாச்சு" என்று பதில் போட்டிருந்தார்கள். அந்த "நிரூபிச்சாச்சு"தான் என்னை உறுத்துகிறது.

உலையில் பயன்படுத்தி முடித்த எரிபொருளைக் கனத்த உருக்குக் கலனில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். சர்வதேச விதிப்படி அந்தக் கலன் 9 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும், பிறகு 800 டிகிரி செல்சியஸ் தீயில் 30 நிமிடம் இருந்தும் தாங்க வேண்டும். நம் நாட்டு விதியும் அதுதான். புற்றுநோய் சிகிச்சைக்கான கோபால்ட்-60 நம் சாலைகளில் வருவதும் இதே சோதனைக்கு உட்பட்ட கலனில்தான். ஆனால் நிஜக் கலனை எரித்தே காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணக்குப் போட்டுக் காட்டினாலும் போதும்!

2001 ஜூலை 18. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஹோவர்ட் தெரு சுரங்கத்துக்குள் 60 பெட்டிகள் கொண்ட சரக்கு ரயில் தடம் புரண்டது. ஒரு டாங்கரிலிருந்து கொட்டிய ரசாயனம் தீப்பிடித்து, அணைத்து முடிக்க நாட்கள் ஆயின. நல்லவேளை, அந்த ரயிலில் அணு எரிபொருள் இல்லை. இருந்திருந்தால்? அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமே இதைக் கேட்டு, அந்தத் தீயைக் கணினியில் மறுபடி மூட்டச் சொன்னது. தீப்பிழம்பில் சுமார் 1000 டிகிரி என்று வந்தது. பிறகு அந்தத் தீக்குள் மூன்று வகைக் கலன்களைக் கணினியிலேயே வைத்துப் பார்த்தார்கள். எரிபொருள் வெளியே வராது என்றது விடை. ஆனால் இரண்டு கலன்களில் மூடியின் சீல் தன் வெப்ப வரம்பைத் தாண்டும், கோல்களின் மேல் படிந்த துகள் கொஞ்சம் கசியலாம் என்றும் அதே அறிக்கை சொன்னது. அதுவும் அனுமதித்த அளவுக்குள்தானாம்.

இந்தக் கணக்கைப் பொய் என்று நான் சொல்லவில்லை. பால்டிமோர் தீக்குப் பயன்படுத்திய மென்பொருளை நம்புவதற்கு முன், மேற்கு வர்ஜீனியாவில் கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்தில் நிஜமாகவே தீ மூட்டி அளந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன். சுரங்கத்துக்கு நிஜத் தீ, கலனுக்கு மட்டும் கணினித் தீயா?

செய்ய முடியாத காரியமும் இல்லை. 1970களில் சாண்டியா ஆய்வகம் பழைய கலன்களைச் சுவரில் மோதவிட்டது, ஒன்றைத் தீயிலும் போட்டது. 1984இல் இங்கிலாந்தில் ஊரே பார்க்க, ஆளில்லா ரயிலை மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் கலன் மீது மோதவிட்டார்கள். இன்றைய கலன் ஒன்றை முழு அளவில் மோதி, எரித்துப் பார்க்க அமெரிக்க ஆணையமும் திட்டம் போட்டது. அது காகிதத்திலேயே நின்றுவிட்டது.

ஒரு சோதனை ஒரு தீயைத்தான் காட்டும், கணினி நூறு தீயைக் காட்டும் என்பீர்கள். சரி. ஆனால் அந்த நூறிலும் சீல் எப்படி நடந்துகொள்ளும் என்பது நாம் உள்ளே எழுதிக் கொடுத்ததுதானே? உப்பைக் கரைத்துப் பார்க்காமலே "கரையும்" என்று எழுதிய நோட்டுக்கு நான் என்றைக்காவது டிக் போட்டிருக்கிறேனா?

இன்று ஓடும் கலன் ஒன்றை எடுங்கள். சுரங்கம் மாதிரி மூடிய இடத்தில், அரை மணி அல்ல, மூன்று மணி நேரம் எரியுங்கள். சீல் எத்தனை டிகிரியைத் தொடும் என்று கணினி சொல்வதை, தீக்குச்சி உரசும் முன்பே எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுதி வைத்துவிடுங்கள்.