விமானத்தில் எதற்கு விலங்கு?

2025 பிப்ரவரி 5, புதன்கிழமை. அமெரிக்க ராணுவத்தின் சி-17 விமானம் அமிர்தசரஸில் 104 இந்தியர்களை இறக்கிவிட்டுப் போனது. அவர்கள் ஏறிய காட்சியை அமெரிக்க எல்லைக் காவல் படைத் தலைவரே, பின்னணி இசை சேர்த்து வெளியிட்டார். கணுக்கால்களில் சங்கிலி பூட்டியிருக்கிறது. எட்டி நடக்க முடியாமல் அரை அரை அடியாக நகர்கிறார்கள். அன்றிலிருந்து அந்தக் கால்கள்தான் என் கண்ணில் நிற்கின்றன.

திருப்பி அனுப்பியது தவறு என்று எழுத வரவில்லை. விசா இல்லாமல் அடுத்த நாட்டுக்குள் நுழைந்தால் அந்த நாடு பிடிக்கும், அனுப்பும். 2009 முதல் அதுவரை 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம்மவர்களை அமெரிக்கா அனுப்பியிருக்கிறது. இது புதிதல்ல. போனவர்களும் தெரிந்தேதான் போனார்கள். நிலத்தை விற்று, வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்து, 40 லட்சம், 50 லட்சம் என்று ஏஜென்ட்டிடம் கொட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பஞ்சாபில் இந்தக் கள்ளப் பாதைக்கு ‘டங்கி’ என்று பெயர். கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் நடுவில் டேரியன் காடு. அதைத் தாண்டி வருவதற்குள் வழியில் பிணங்களைப் பார்த்தோம் என்கிறார்கள் திரும்பியவர்கள். தம்பிகளே, அந்தப் பணத்தில் ஊரில் ஒரு தொழிலே தொடங்கியிருக்கலாமே! அப்பாவின் நிலம் போனதற்கு டிரம்ப் பொறுப்பில்லை. நீங்கள்தான் பொறுப்பு. கூடவே அந்த ஏஜென்ட்டும் பொறுப்பு. அவரைப் பிடித்து உள்ளே வைக்கும் வேலை நம் போலீஸுக்கு.

ஆனால் அந்தச் சங்கிலி எதற்கு?

இவர்கள் கொலைகாரர்கள் இல்லை. ஊருக்குத் திரும்புகிறவர்கள். 30 ஆயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து எங்கே தப்பி ஓடுவார்கள்? கூடவே காவலர்களும் வருகிறார்கள். கழிப்பறைக்குக்கூட இழுபட்டுப் போனோம், 40 மணி நேரம் இப்படியே வந்தோம் என்கிறார்கள். விமானம் இறங்கிய மறுநாள் மாநிலங்களவையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் விளக்கம் தந்தார். விமானத்தில் விலங்கு பூட்டுவது 2012 முதல் அமெரிக்கர்களின் நடைமுறையாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பூட்டுவதில்லை என்று அவர்கள் தெரிவித்திருக்கிறார்களாம். பன்னிரண்டு வருடமாக நடப்பதாலேயே ஒன்று சரியாகிவிடுமா, அமைச்சரே? நம் குடிமகன் காலில் சங்கிலி என்றால் முதலில் கோபம் வர வேண்டாமா?

விலங்கு பற்றி உலகத்துக்கே பாடம் சொல்லும் தீர்ப்பு நம்மிடம் இருக்கிறது. 1980, பிரேம் சங்கர் சுக்லா வழக்கு. கைவிலங்கு பூட்டுவது மனிதத்தன்மையற்ற செயல், தப்பி ஓடுவார் என்பதற்குத் தெளிவான காரணம் இருந்தாலொழியப் பூட்டக் கூடாது, அந்தக் காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்றார் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். விசாரணைக் கைதிக்கே அந்த மரியாதை. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கொலை, பயங்கரவாதம், போதைப்பொருள் போன்ற வழக்குகளில் விலங்குக்கு இடம் கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில்கூட விசா இல்லாமல் எல்லை தாண்டிய குற்றம் கிடையாது.

கொலம்பியாவைப் பாருங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க ராணுவ விமானங்களை இறங்கவிடாமல் திருப்பி அனுப்பியது. டிரம்ப் இறக்குமதி வரியைக் காட்டி மிரட்டியதும் அன்றைக்கே பணிந்தது உண்மைதான். ஆனால் அடுத்து என்ன செய்தது? தன் விமானப்படை விமானங்களை அனுப்பித் தன் மக்களைத் தானே கூட்டி வந்தது. உக்ரைனிலிருந்து மாணவர்களை விமானம் விமானமாக மீட்டு வந்த நம்மால் இதைச் செய்ய முடியாதா? பிரதமர் வாஷிங்டன் போகும்போது, எங்கள் ஆட்களை நாங்களே அழைத்துக்கொள்கிறோம், சங்கிலி வேண்டாம் என்று டிரம்ப்பிடம் நேரில் சொல்லட்டும்.

அப்படிச் சொல்ல நம் கை சுத்தமாக இருக்க வேண்டும். விமானம் இறங்கியதற்கு முதல் நாள்தான் உச்ச நீதிமன்றம் அசாம் அரசைக் கண்டித்தது. வெளிநாட்டவர் என்று முடிவான 63 பேரைச் சொந்த நாட்டுக்கு அனுப்பாமல் முகாமிலேயே வைத்திருக்கிறீர்களே, முகூர்த்தம் பார்க்கிறீர்களா என்று நீதிபதிகள் கேட்டார்கள்.

அசாம் தூரம். திருச்சி பக்கம்தான். மத்திய சிறை வளாகத்துக்குள் ‘சிறப்பு முகாம்’ என்று ஒன்று இருக்கிறது. தண்டனை முடிந்தாலும் ஜாமீன் கிடைத்தாலும் வெளிநாட்டவர் என்பதால் அங்கே கொண்டுபோய் அடைக்கிறார்கள். பெயர்தான் முகாம். ஆட்சிகள் மாறியும் அந்தக் கதவு மாறவில்லை. இந்த இதழ் இதை எத்தனை முறை எழுதினாலும் சலிக்காது.

ராஜீவ் கொலை வழக்கில் 1991இல் கைதான சாந்தனை 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. செய்த குற்றத்துக்கு முப்பது வருடத்துக்கு மேல் சிறையில் கழித்தாயிற்று. அவர் இலங்கைக் குடிமகன். கப்பலோ விமானமோ ஏற்றி அனுப்பியிருக்க வேண்டும். திருச்சி முகாமுக்கு அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் வயதான தாயைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வருடத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஊர் திரும்ப அனுமதி வந்தபோது ஈரல் கெட்டு மருத்துவமனையில் கிடந்தார். சில நாளில், 2024 பிப்ரவரி 28 அன்று, இறந்தார். தாயிடம் போய்ச் சேர்ந்தது உடல்தான்.

அவர் இறந்து ஒரு வருடம் கடந்தாயிற்று. திருச்சி முகாம் இன்னும் திறந்துதான் இருக்கிறது.