பேரேடு சரி, வாக்குக்கு மறைப்பு வேண்டும்

பிளாக்செயின் என்பது பலர் கையிலும் ஒரே நகலாக இருக்கும் பேரேடு. ஒருவர் அடித்துத் திருத்தினால் மற்ற ஏடுகள் காட்டிக் கொடுத்துவிடும். பற்று வரவு எழுதும் வணிகப் பெருமக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2021 அக்டோபரில் தெலுங்கானாவில் கம்மம் நகரில், இம்முறையையும் சேர்த்து, செல்போன் வழியே மாதிரி வாக்குப்பதிவு நடத்திப் பார்த்தார்கள். ஊராட்சிக் கணக்கையும் கிராமசபைத் தீர்மானங்களையும் இதில் ஏற்றட்டும், வரவேற்கிறேன். வாக்கை ஏற்றத்தான் மனம் ஒப்பவில்லை.

நமது மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்ட 1996 முதல் 2006 வரை தேர்தல் முறையாக நடக்கவில்லை. எண்ணிக்கையில் கோளாறா? இல்லை. மனுப் போடவே பயம். ஜெயித்தவரும் உடனே ராஜினாமா. வீட்டில் செல்போனில் வாக்களிப்பவரின் தோளுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதை எந்தப் பேரேடும் எழுதாது. சாவடியின் அட்டை மறைப்புக்குள் அவர் ஒருவர்தான்.