ஊசி கண்டு அஞ்சுவோரும் உண்மை கண்டு அஞ்சுவோரும்

"பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிறார்களாம்! பிள்ளையை இன்று அனுப்பிவிடாதே!"

2017ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தமிழகத்துத் தெருக்களில் எழுந்த குரல் இது. கல்லாதார் குடிசையில் மட்டுமா எழுந்தது? கற்றறிந்தார் மாளிகையிலும் எழுந்தது. பட்டம் பெற்றோர் பேசினர். பதவியில் உள்ளோர் தலையசைத்தனர். பள்ளி வாயிலில் நின்ற பெற்றோர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினர்.

என்ன ஊசி அது? தட்டம்மை, ரூபெல்லா எனும் இரு நோய்களைத் தடுக்கும் ஊசி. 9 திங்கள் நிறைந்த குழந்தை முதல் 15 வயது நிரம்பாத சிறுவர் வரை அனைவருக்கும் போடுவது என்று முடிவெடுத்தது அரசு. தமிழ்நாடு, கருநாடகம், புதுச்சேரி, கோவா, இலட்சத்தீவு ஆகிய பகுதிகளில் முதலில் தொடங்கிற்று பணி.

பணி தொடங்கிற்று, உடன் தொடங்கிற்று வதந்தியும்! மலடாக்கும் மருந்து என்றது ஒரு செய்தி. வெளிநாட்டார் சூழ்ச்சி என்றது மற்றொன்று. பெயரில்லா ஒருவர் பேசியதை, ஊர் தெரியா ஒருவர் அனுப்ப, முகமறியா ஒருவர் நம்பினார். நம்பியவர் சும்மா இருந்தாரா? பத்துப் பேருக்கு அனுப்பிவைத்தார்! குறித்த நாளுக்குள் பணி முடியவில்லை. மார்ச்சுத் திங்களுக்கும் நீட்டிக்க நேர்ந்தது.

காற்றில் உலவும் மின்காந்த அலையை மனிதன் தன் ஏவலாள் ஆக்கிக்கொண்டதன் பயன் கைப்பேசி. அந்த அறிவியலின் தோள்மீது ஏறி வந்தது, அறிவியலைப் பழிக்கும் பேச்சு! சிரிக்கத் தோன்றுகிறது, தோழர்களே! ஆயின், சிரித்துவிட்டுப் போவதற்கு இது கூத்து மேடையன்று. குழந்தைகளின் உயிர் இதில் அடங்கியிருக்கிறது.

"இது என் கருத்து, கருத்துக் கூற எனக்கு உரிமை இல்லையா?" என்று கேட்கின்றனர் சிலர்.

உண்டு. கருத்துரிமைக்காகச் சிறை சென்றோர் வழி வந்தவர்கள் நாம். அவ்வுரிமையை எவருக்கும் மறுக்கமாட்டோம். ஆனால், நோய்க்கிருமி கருத்துக் கேட்டா உடலுக்குள் நுழைகிறது? எந்தப் படம் பிடிக்கும், எந்தப் பாட்டு இனிக்கும் என்பது கருத்து. தட்டம்மை கொல்லுமா, கொல்லாதா என்பது கருத்தன்று, கணக்கு. 1963இல் இந்நோய்க்குத் தடுப்பூசி வருவதற்கு முன்னர், உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 26 இலட்சம் பேர் இதற்குப் பலியாகி வந்தனர் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். கருவுற்ற தாயை ரூபெல்லா பற்றினால், பிறக்கும் குழந்தை செவிடாகலாம், கண்ணில் புரையோடு பிறக்கலாம், இதயக் குறையோடு பிறக்கலாம். கையுயர்த்தி வாக்கெடுத்து மாற்றக்கூடிய செய்தியா இது?

"என் பிள்ளை, என் விருப்பம்" என்கின்றனர் வேறு சிலர். அதையும் பார்ப்போம். தடுப்பாற்றல் இல்லாதவர் கூட்டத்தில் தட்டம்மை கண்ட ஒருவர் 12 முதல் 18 பேர்வரை தொற்றுக் கொடுக்கக் கூடும். ஊரில் 100 பேருக்கு 95 பேராவது தடுப்பாற்றல் பெற்றிருந்தால்தான் இந்நோய் பரவ வழியின்றி அடங்கும். ஊசி போடும் வயதே வராத கைக்குழந்தையைக் காப்பது எது? எதிர்வீட்டுச் சிறுவனின் கையில் போடப்பட்ட ஊசி! எனவே, மறுக்கும் பெற்றோர் தம் பிள்ளைக்கு மட்டும் மறுக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தொட்டிலில் உறங்கும் பச்சிளங்குழந்தைக்கும் சேர்த்தே மறுக்கின்றனர்.

இந்த அச்சம் புதியதன்று. 1796இல் எட்வர்டு ஜென்னர், பால்காரப் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்துச் சீழை எடுத்து எட்டு வயதுச் சிறுவனுக்குக் குத்தினார். பெரியம்மையைத் தடுக்கும் வழி பிறந்தது. வாழ்த்திற்றா உலகம்? 1802இல் இங்கிலாந்தில் கில்ரே எனும் ஓவியர் கேலிச் சித்திரம் ஒன்று தீட்டினார். குத்திக்கொண்டோர் உடம்பிலெல்லாம் மாடுகள் முளைத்து வருவதுபோல! அன்று அச்சுக்கூடம், இன்று கைப்பேசி. மாறியது கருவி, மாறவில்லை மனம்.

நம் நாட்டிலோ, நோய்க்கே தெய்வப் பெயர் சூட்டினோம். உடம்பெங்கும் கொப்புளம் கண்டால், "ஆத்தாள் வந்திருக்கிறாள்" என்றனர். வேப்பிலை கட்டினர், கூழ் ஊற்றினர், தீ மிதித்தனர். பிழைத்தால் அவள் அருள். இறந்தால் அவள் சீற்றம்! எது நேர்ந்தாலும் தோற்காத வாதம் அது. தோற்கவே முடியாத வாதம் எதையும் மெய்ப்பிக்காது என்பதை அன்று எடுத்துரைப்பார் இல்லை.

1899இல் கிண்டியில் கிங் நிலையம் எழுந்தது, அம்மைப்பால் தயாரிப்பதற்கு. ஊர் ஊராகச் சென்றனர் அம்மை குத்துவோர். கதவடைத்தனர் மக்கள், பிள்ளைகளை ஒளித்து வைத்தனர். ஆயினும் பணி நிற்கவில்லை. 1975க்குப் பின் இந்நாட்டில் பெரியம்மை பரவவில்லை. 1980 மே 8ஆம் நாள், பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததென உலக நலவாழ்வுப் பேரவை அறிவித்தது.

"அம்மன் அருளால் ஒழிந்தது" என்பாரும் உளர். அவர்களை ஒன்று கேட்கிறோம். கூழ் ஊற்றியது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. தீமிதி அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அன்று இவற்றோடு பெரியம்மையும் இருந்தது. இன்று இவை மட்டும் இருக்கின்றன. இடையில் புதிதாக வந்தது எது? ஊசி! காரணம் எது என்று காண்பதற்குக் கல்லூரிப் பட்டம் வேண்டா. இந்த ஒரு கேள்வி போதும்.

இதுவரை மாற்றாரைச் சாடினோம். இனி நம் பக்கம் திரும்புவோம். திரும்பாவிடில் பகுத்தறிவாளர் எனும் பெயர் நமக்கெதற்கு?

எல்லிஸ் எனும் பெயரை நாம் நன்றியுடன் போற்றுகிறோம். சென்னையில் கும்பினி அதிகாரியாக இருந்தவர், திருக்குறளில் தோய்ந்தவர், தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல, தனிக் குடும்பம் என்று 1816இல், கால்டுவெல்லுக்கு 40 ஆண்டுகள் முன்பே எடுத்துக்காட்டியவர். அத்தகைய அறிஞர், அம்மை குத்திக்கொள்ள மக்களை இணங்கச் செய்ய என்ன செய்தார்? வடமொழியில் பாடல் ஒன்றைத் தாமே இயற்றினார். பழந்தாளில் எழுதச் செய்து, பழஞ்சுவடியில் கிடைத்ததென உலவவிட்டார் என்பது பதிவாகியிருக்கும் செய்தி. 'பசுவிடமிருந்து வந்தது இம்மருந்து. நம் முன்னோர் மொழிந்தது' என்று வைதிகர் நம்பட்டுமே என்பது எண்ணம்.

நோக்கம் நல்லது, நாம் மறுக்கவில்லை. விளைவு? 1819இல் சென்னையில் வெளிவந்த ஏடொன்றில், 'கல்வி விரும்பன்' எனும் புனைபெயரில் ஒரு கடிதம் வெளியாயிற்று; பழைய வடமொழி நூலிலேயே இந்த முறை கூறப்பட்டிருப்பதாக! ஐரோப்பிய மருத்துவ ஏடுகள் அதை எடுத்து எழுதின. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதிற்று. 'அன்றே எல்லாம் நம்மிடம் இருந்தன' என்று பழம்பெருமை பேசுவோர்க்குக் கிடைத்தது சான்று! மடமையை வெல்ல மடமையிடமே கடன் வாங்கினர். வட்டியை இன்றும் நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

உண்மைக்குப் பொய்யைத் துணைக்கு அனுப்பாதீர்! அது வழியில் உண்மையையே விழுங்கிவிடும். வதந்தியை எதிர்க்க நாமும் ஒரு வதந்தி கிளப்பினால், நோயாளி மாறுவாரே தவிர நோய் தீராது.

மற்றொரு நோயும் நம்மிடம் உண்டு. "அறிவியல் ஏடு கூறிற்று" என்றதும் கைகட்டி நிற்கும் நோய்! 1998இல் ஆண்ட்ரூ வேக்பீல்டு எனும் மருத்துவர், புகழ்வாய்ந்த இலான்செட் ஏட்டில் கட்டுரை வெளியிட்டார். 12 குழந்தைகளை மட்டும் கொண்டு, தட்டம்மைத் தடுப்பு அடங்கிய ஊசிக்கும் ஆட்டிசம் எனும் வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் எனும் ஐயத்தைக் கிளப்பினார். கேட்டது உலகு, கலங்கினர் பெற்றோர். பின்னர் வெளிவந்தது என்ன? ஊசி தயாரிப்போர்மீது வழக்குத் தொடர முனைந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து அவர் பணம் பெற்றிருந்தார், அதை மறைத்திருந்தார். 2010இல் அக்கட்டுரையை ஏடு திரும்பப் பெற்றது. மருத்துவர் பட்டியலிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2002இலும், 6 இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2019இலும் வந்த முடிவுகள், அத்தகைய தொடர்பு ஏதுமில்லை என்று காட்டின.

12 எங்கே, 6 இலட்சம் எங்கே! ஆயினும் 12 பேரின் கதை இன்னும் நடமாடுகிறது. 6 இலட்சத்தின் கணக்கு நூலகத்தில் உறங்குகிறது. அச்சத்துக்குக் கால் இருக்கிறது. கணக்குக்கு நாம்தாம் காலாக வேண்டும்.

இதில் நாம் கற்பது என்ன? வெள்ளை அங்கி அணிந்தவர் சொன்னார் என்பதற்காக நம்புவதும், காவி அங்கி அணிந்தவர் சொன்னார் என்பதற்காக நம்புவதும், நம்புகிறவன் நிலையில் ஒன்றே. சாத்திரத்துக்கும் அறிவியலுக்கும் வேறுபாடு ஆடையில் இல்லை. தவறு செய்தவர் தம் ஏட்டினராயினும், அத்தவறைத் தேடிப் பிடித்து, ஊரறிய ஒப்புக்கொண்டு, கட்டுரையைத் திரும்பப் பெற வைக்கும் முறை ஒன்று அறிவியலிடம் இருக்கிறது. பிழையென்று கண்டு திரும்பப் பெறப்பட்ட புராணம் எது? காட்டட்டும்!

அரசினரிடமும் நமக்குக் கேள்வி உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில், தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட குழந்தைகள் நால்வர் இறந்தனர். அந்த ஊர்ப் பக்கத்துத் தாய் ஒருத்தி ஊசியைக் கண்டு நடுங்கினால், அவளை மடமையின் உருவம் என்போமா? என்னோம்! 2009இல் தொடங்கி, ஆந்திரத்துக் கம்மத்திலும் குசராத்து வதோதராவிலும் சிறுமியர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுக்காகப் போடப்பட்டது. பெற்றோர் ஒப்பம் பெற வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்ட கொடுமையை, 2013இல் நாடாளுமன்றக் குழுவே கண்டித்தது. ஏழை வீட்டுப் பிள்ளை, பழங்குடி வீட்டுப் பிள்ளை. கேட்பாரில்லை என்ற நினைப்பு!

இவற்றை மறைத்துவிட்டு, "அஞ்சாதீர், நம்புவீர்" என்று ஒலிபெருக்கியில் முழங்கினால் நம்பிக்கை வளருமா? நேர்ந்த குறையை நேர்ந்தபடி சொல்லுக. காரணம் யாதெனக் கண்டு வெளியிடுக. பிள்ளைக்கு என்ன மருந்து, எதற்காக, என்ன பின்விளைவு என்பதைத் தாயின் மொழியில், தாயின் முன்னால் அமர்ந்து உரைத்திடுக. மௌனம் எனும் வயலில்தான் வதந்தி விளைகிறது. ஊசி கண்டு அஞ்சுவோரைத் திருத்தலாம். உண்மை கண்டு அஞ்சும் அதிகாரத்தைத் திருத்துவதே அரிது. இரண்டையும் செய்தாக வேண்டும்.

அறிவியல் மனப்பான்மையும் ஆராயும் உணர்வும் வளர்ப்பது குடிமக்கள் கடமை என 1976இல் அரசியல் சட்டத்தில் சேர்த்தனர். ஏட்டில் ஏறிற்று, வீட்டில் ஏறவேண்டாமா? அந்தப் பணி யாருடையது? நம்முடையது, தோழர்களே, நம்முடையது!

நாளை உங்கள் தெருவில் புதிய வதந்தி வரும். ஊசி பற்றியோ, உணவு பற்றியோ, வானத்துக் கோள் பற்றியோ வரும். உடன்பிறந்தாரே அனுப்புவர், உற்றாரே அனுப்புவர். "மடையர்" என்று ஏசிவிட்டு அகலாதீர். ஏசியவன் வென்றதாக எண்ணிக்கொள்வான். ஏசப்பட்டவரோ வதந்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். அருகே அமர்ந்து, மூன்றே கேள்வி கேளுங்கள். இதைச் சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? இது பொய்யாக இருந்தால், அதை நாம் எதைக் கொண்டு அறிவோம்?

கேட்டபின், அதே மூன்று கேள்விகளை நீங்கள் நம்பும் செய்தியை நோக்கியும் கேளுங்கள். நமக்குப் பிடித்த தலைவர் சொன்னதாயினும் கேளுங்கள். இந்த ஏடு எழுதியதாயினும் கேளுங்கள்! விடை கிடைக்காவிடில் எங்களுக்கு எழுதுங்கள். தவறெனக் காட்டினால் அடுத்த கிழமை ஏட்டில் திருத்திக்கொள்வோம். அதில் எமக்கு இழிவில்லை.

பெரியம்மையை ஒழித்த ஊசியின் முனை மிகச் சிறியது. அது உலகெங்கும் சென்றது, வீடு வீடாகச் சென்றோர் இருந்தமையால். ஐயமும் அவ்வாறே: சிறியது, கூரியது. அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்வோம், வாரீர்!