‘அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்!’ - பெரிய ஆபரேஷனுக்கு முன் குடும்பங்கள் எங்கே தவறுகின்றன?

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலை. அறுபது வயதைத் தொட்ட ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். ‘ரத்தக் குழாய்ல சின்ன அடைப்பு, சரி பண்ணிட்டு ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்’ என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அடைப்பு மூன்று குழாய்களில் இருப்பதும், நடக்கப்போவது பைபாஸ் என்பதும் மகனுக்கும் மகளுக்கும் தெரியும். கோவையில் இருக்கும் சித்தப்பாவுக்குத் தெரியும். அவர் மட்டும் இல்லாத புது வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் எல்லா ரிப்போர்ட்டும் இருக்கிறது.

நர்ஸ் உள்ளே வந்து, “நெஞ்சுலயும் ரெண்டு கால்லயும் முடி எடுக்கணும் சார்” என்கிறார். “நெஞ்சு சரி, கால்ல எதுக்கும்மா?” என்று அவர் கேட்கிறார். அறையில் இருக்கும் யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

இது ஏதோ ஒரு குடும்பத்தின் கதை அல்ல. இதய அறுவை சிகிச்சையோ, புற்றுநோய்க் கட்டியை அகற்றுவதோ, பல தமிழ்க் குடும்பங்களில் முதலில் எடுக்கப்படும் முடிவு இதுதான்: ‘அவருக்குச் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டார்’. பாசத்தில் எடுக்கப்படும் முடிவுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால், அந்தப் பாசம் நோயாளியைத் தன் வாழ்க்கையின் பெரிய பயத்துக்கு முன்னால் தனியாக நிறுத்திவிடுகிறது.

மறைத்தால் பயம் குறையுமா?

குறையாது. வீட்டில் பேச்சு தாழ்ந்த குரலுக்கு மாறியதையும், பெங்களூருவில் இருந்து மகள் திடீரென்று லீவு போட்டு வந்ததையும், சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து போவதையும் நோயாளி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஏதோ பெரிசு என்று அவருக்குப் புரிகிறது. எவ்வளவு பெரிசு என்று மட்டும் தெரியவில்லை. தெரியாத இடத்தை அவர் மனம் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறது. அந்தக் கற்பனை பெரும்பாலும் உண்மையைவிட மோசமாக இருக்கும்.

நாற்பது வருடங்களுக்கு முன் யாரோ ஒரு மாமா ‘ஆபரேஷன் தியேட்டருக்குப் போனவர் திரும்பி வரலை’ என்ற கதைதான் அவருக்குத் தெரிந்த ஒரே தகவலாக இருக்கலாம். இந்தியாவின் முதல் பைபாஸ் சிகிச்சை 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியனால் செய்யப்பட்டது. அன்று அது செய்தி. இன்று நம் ஊர்களில் இது வழக்கமான சிகிச்சைகளில் ஒன்று. இதைக்கூட அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏனென்றால், ‘பைபாஸ்’ என்ற சொல்லே வீட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 1964-ல் வெளியானது. வயிற்று அறுவை சிகிச்சைக்கு வந்த 97 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினரிடம் மட்டும் மயக்க மருந்து மருத்துவர் போய் உட்கார்ந்து பேசினார். எங்கே வலிக்கும், எவ்வளவு நேரம் இருக்கும், எப்படித் திரும்பிப் படுத்தால் குறையும் என்று விளக்கினார். அவ்வளவுதான். அந்தக் குழுவினருக்கு வலி நிவாரணி மருந்து ஏறக்குறைய பாதி அளவே தேவைப்பட்டது. யாரிடம் பேசப்பட்டது என்று அறியாத அறுவை சிகிச்சை நிபுணர்கள், அவர்களைச் சராசரியாக 2.7 நாட்கள் முன்பாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பின்னால் வந்த முடிவுகள் அத்தனை பெரிதாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016-ல் காக்ரேன் அமைப்பு இதுபோன்ற 105 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மனரீதியாகத் தயார் செய்வது வலி, மனச்சோர்வு, பழைய நிலைக்குத் திரும்பும் வேகம் ஆகியவற்றில் உதவக்கூடும், மருத்துவமனையில் தங்கும் காலம் ஏறக்குறைய அரை நாள் குறையலாம் என்றது. ஆதாரங்களின் தரம் குறைவு என்பதையும் அதே அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆக, இது மந்திரம் அல்ல. ஆனால் தனியாகச் செலவு வைக்காத, பெரிய பக்கவிளைவும் இல்லாத ஒரு வழியை ஏன் விட வேண்டும்?

கையெழுத்து யாருடையது?

மறைப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சம்மதப் படிவம் வரும்போது, ‘அப்பாவை ஏன் தொந்தரவு பண்ணணும், நான் போடுறேன்’ என்று மகன் பேனாவை வாங்கிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தெளிவாகப் பேசியிருக்கிறது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை அகற்றிவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயது வந்தவருக்கு, உயிர் போகும் அவசரம் இல்லாதபோது, அவருக்குப் பதிலாக வேறு யாரும் சம்மதம் தர முடியாது. என்ன சிகிச்சை, என்ன பலன், என்ன ஆபத்து, மாற்று வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நோயாளிக்கே விளக்க வேண்டும்.

உடம்பு அப்பாவுடையது. அவரிடம் கேட்காமல் வீட்டுக்குப் பெயின்ட் கலரைக்கூட மாற்றாத குடும்பம், அவர் நெஞ்செலும்பைப் பிளக்கும் சிகிச்சைக்கு அவரைக் கேட்காமல் கையெழுத்துப் போடுவது எந்த வகையில் பாசம்?

‘தாங்க மாட்டார்’ என்பது உண்மையாக இருந்தால்?

நியாயமான கேள்வி. எல்லோருக்கும் எல்லா விவரமும் வேண்டியிருக்காது. ‘எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க, டாக்டர் பார்த்துக்கட்டும்’ என்று சொல்பவர்களும் உண்டு. அது அவர்கள் உரிமை. ஆனால், அதை அவர்கள் வாயால் சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஊகிக்கக் கூடாது. “டாக்டர் சொன்னதை உங்ககிட்ட முழுசா சொல்லட்டுமாப்பா, இல்ல முக்கியமானது மட்டும் போதுமா?” என்று ஒரு வரி கேட்டால் விஷயம் முடிந்தது.

உண்மையைச் சொல்வது என்றால் ஆபத்துக் கணக்கை எல்லாம் அவர் மடியில் கொட்டுவதும் அல்ல. அதைச் சொல்ல வேண்டியது மருத்துவர். அவர் பேசும்போது நோயாளியும் அந்த அறையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் குடும்பம் உறுதி செய்தால் போதும்.

முன்பே தெரிந்திருந்தால் பயம் குறையும் விஷயங்கள்

பைபாஸையே எடுத்துக்கொள்வோம். பலரைக் கலங்கடிப்பது கண் விழித்த பிறகு வரும் அதிர்ச்சிகள்தான்.

* பேச முடியாது: வென்டிலேட்டர் குழாய் தொண்டையில் இருக்கும்வரை குரல் வராது. முன்பே தெரியாதவர், ‘பேச்சே போயிடுச்சு’ என்று பதறுவார். ‘வலிக்குது’, ‘தாகம்’ என்பதற்கு வீட்டிலேயே கைஜாடை பேசி வைத்துக்கொள்ளலாம்.
* காலிலும் கட்டு: அடைப்பைத் தாண்டி ரத்தம் போகப் புதுப் பாதை வேண்டும். அதற்கான ரத்தக் குழாயைப் பெரும்பாலும் காலிலிருந்தும், நெஞ்சின் உட்புறத்திலிருந்தும், சில நேரம் கையிலிருந்தும் எடுப்பார்கள். நர்ஸிடம் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.
* ஐசியூ குழப்பம்: சிலருக்குப் பகலா இரவா என்று தெரியாமல் போகும், இல்லாதது தெரியும். வயதானவர்களிடம் இது அதிகம். பெரும்பாலும் சில நாட்களில் சரியாகும். மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, தெரிந்தவர் குரல் ஆகியவை உதவும்.
* மூன்று பந்து கருவி: நுரையீரலுக்கான மூச்சுப் பயிற்சி. ஆபரேஷனுக்கு முன்பே பழகினால் பின்னால் எளிது. அப்பாவோடு போட்டி போட்டு பேரன் உறிஞ்சினால் பாதி பயம் போய்விடும்.
* ஆறு முதல் எட்டு வாரம்: நெஞ்செலும்பு சேர அவ்வளவு நாள் ஆகும். அதுவரை கனம் தூக்கக் கூடாது. டாக்டர் சொல்லும்வரை பைக் கிடையாது.

‘அபசகுனமா பேசாதீங்க’

ஆபரேஷனுக்கு முன் பல பெரியவர்கள் ஒரு பேச்சை ஆரம்பிப்பார்கள். “பீரோவுல பத்திரம் இருக்கு, பேங்க்ல நாமினி யாருன்னா...” அடுத்த நொடியே, “வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்று அடக்கிவிடுவோம்.

அவர் சாவைப் பற்றிப் பேசவில்லை. தன் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகப் படுக்கப் பார்க்கிறார். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, “சொல்லுங்கப்பா, எழுதிக்கிறேன்” என்றால் போதும். பத்து நிமிட வேலை. அந்த இரவு அவர் கொஞ்சமாவது தூங்க வாய்ப்பு உண்டு. ‘தைரியமா இருங்க’ என்று நூறு பேர் சொல்வதில் அந்தத் தூக்கம் வராது. அந்த வாக்கியம், ‘உன் பயத்தை என்னிடம் சொல்லாதே’ என்றே பல நேரம் அவர் காதில் விழுகிறது.

குடும்பம் என்ன செய்யலாம்?

ஆஸ்பத்திரியுடன் பேச ஒரே ஒருவர் இருக்கட்டும். அவர் தினமும் ஒருமுறை மற்றவர்களுக்குத் தகவல் சொன்னால், ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு வதந்தி இருக்காது. பார்க்க வருபவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். தன் மைத்துனருக்கு என்ன ஆனது என்ற கதையோடு வருபவரை வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பலாம்.

பணத்தைப் பற்றியும் அவரிடம் மறைக்க வேண்டாம். ‘பிள்ளைங்களைக் கடன்ல தள்ளிட்டேனே’ என்ற குற்ற உணர்ச்சி பல அப்பாக்களுக்கு ஆபரேஷனைவிடப் பெரிய வலி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமோ ஆபீஸ் இன்சூரன்ஸோ எவ்வளவு தருகிறது, மீதி எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டால் அந்தக் கணக்கு அவர் தலையில் ஓடாது.

இரவில் உடன் தங்குபவரை முறை வைத்து மாற்ற வேண்டும். இந்த வேலை பெரும்பாலும் அம்மாவின் தலையில் விழுகிறது. அவருக்கும் பிரஷர், சுகர் இருக்கலாம், பயமும் இருக்கும். ‘நீ சாப்பிட்டியாம்மா?’ என்று அவரைக் கேட்க ஒருவர் வேண்டும்.

வீடு திரும்பிய பின் அப்பா காரணமில்லாமல் அழலாம், எரிந்து விழலாம். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இது பலருக்கு வருவது. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடும் தூக்கமும் கெட்டாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும். மத்திய அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம்.

நர்ஸ் வருவதற்கு முன்

மீண்டும் அந்த அறைக்கு வருவோம். “கால்ல எதுக்கும்மா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது. மகன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “அப்பா, உங்ககிட்ட சொல்லாம விட்டது எங்க தப்பு. என்ன நடக்கப்போகுதுன்னு டாக்டரையே வந்து சொல்லச் சொல்றேன், நானும் கூட இருக்கேன்” என்று சொல்லலாம். அப்பா கோபப்படலாம், கொஞ்ச நேரம் பேசாமலும் இருக்கலாம். அதன் பிறகு அவர் கேள்வி கேட்க ஆரம்பிப்பார். அவர் கேட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்து போகாமல் இருந்தால், அதுதான் குடும்பம் தரக்கூடிய துணை.